கிளாரினெட் வரிசை

பூனாவில் கோர்படிப் பகுதியின் ராணுவக் குடியிருப்பை ஒட்டி இருந்த பெண்கள் பள்ளிக்கு வனஜா பௌதிகம் நடத்தத்தான் போனாள். ஒலியைப் பற்றிய பாடத்தை ஒரு ரப்பர் பேண்டையும் டால்டா டப்பாவையும் வைத்துக்கொண்டு அவள் நடத்திய விதம் பள்ளி முழுக்கப் பேச்சாகிவிட்டது. பிரின்சிபால் ஜோக்லேகர் மேடம் கூப்பிட்டனுப்பி, "சத்தத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் பேண்டையும் பார்த்துக்கொள்ளலாமே" என்று அவள் தலையில் கட்டிவிட்டார். தொண்ணூற்றாறாம் வருஷம், மழை தொடங்கின சமயம்.

பேண்டு என்றால் டிரம்களும், பியூகிள் என்கிற விசையில்லாத ஊதுகொம்புகளும்தான். அலமாரியின் அடித்தட்டில் எந்த ரெஜிமெண்டோ எப்போதோ கொடுத்த பழைய கிளாரினெட்டுகள் கிடந்தன. அவற்றில் ஒன்றுதான் வாய் திறந்தது. அந்த ஒன்றை எட்டுப் பெண்கள் முறை வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள்.

கிளாரினெட் பார்க்கத்தான் சிக்கலாக இருக்கும். அடிப்படையில் அது ஒரு குழாய். மேல் முனையில் மவுத்பீஸ், அதன்மேல் இறுகக் கட்டிய ஒரு நாணல் தகடு. ஊதினால் அந்தத் தகடு துடிக்கும், நாகசுரத்தில் சீவாளி துடிப்பதுபோல. குழாய் நெடுகத் துளைகள். சிலதை விரல் மூடும். விரல் எட்டாததை விசையின் அடியில் ஒட்டியிருக்கும் சின்ன மெத்தை மூடும். ஒரே ஒரு மெத்தை சரியாக உட்காரவில்லை என்றாலும் போதும், பஞ்சரான டியூபுக்குக் காற்றடித்த கதைதான். அடித்தட்டில் கிடந்தவற்றுக்கு அதுதான் வியாதி.

பெற்றோர் சங்கம் புதிதாக வாங்கப் பணம் திரட்டிக் கொடுத்தது. அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது. அந்தத் தொகைக்கு மரக் கிளாரினெட் என்றால் மூன்று வரும். பிளாஸ்டிக் என்றால் எட்டும் வரும்.

"எது வேண்டுமானாலும் வாங்குங்கள்" என்றார் ஜோக்லேகர் மேடம். "ஆனால் ஜனவரி இருபத்தாறுக்கு அது மைதானத்தில் நடக்க வேண்டும். நடக்காது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், பியூகிள் வாங்கிவிடலாம். பியூகிளில் இத்தனை வம்பு கிடையாது."

வனஜாவுக்கு எட்டுப் பேரும் நடக்க வேண்டும். மூன்று வாங்கினால் ஐந்து பேரை நிறுத்த வேண்டும். யார் அந்த ஐந்து பேர் என்று யோசிக்க ஆரம்பித்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பயிற்சி கொடுக்க வருகிறவர் சின்னதுரை மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கம். ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வுபெற்று, பூனாவிலேயே தங்கிவிட்டவர். லூனா மொபெட்டில் வந்து இறங்குவார். தோளில் தொங்கும் பெட்டிக்குள் அவருடைய சொந்தக் கிளாரினெட், கறுத்து வழவழத்த மரம்.

"மரந்தான் டீச்சர். இதுல பேச்சுக்கே எடமில்ல."

"மூணுதான் வரும் மாஸ்டர்."

"மூணு பேரு ஒழுங்கா வாசிச்சா போதும்லா. எட்டுப் பேரு டப்பாவ வச்சு ஊதுனா காக்காக் கூட்டந்தான்."

"மிச்சம் அஞ்சு பேர்கிட்ட யார் சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்கதான இன்சார்ஜ்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தேஜஸ்வினிக்கு முகம் சுண்டிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் தமிழ், வெளியில் எல்லாம் இந்தி, மராத்தி. "மிஸ், அந்த அஞ்சுல நான் இருக்கேனா?" என்றாள். வனஜா, "போய் ஸ்கேல் வாசி" என்று அனுப்பிவிட்டாள். பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

காம்ப் பகுதியில் வாத்தியங்கள் விற்கும் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். மரத்தில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று தருகிறேன், வாசித்துப் பாருங்கள், தசரா முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு எது வேண்டும் என்று சொல்லுங்கள். மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற ஒரு கருமரம். நம் ஈட்டி மரத்துக்குச் சித்தப்பா பிள்ளை என்று சொல்லலாம், தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். மற்றது டெலிபோன் கருவியின் உடம்பு செய்கிற அதே வகை பிளாஸ்டிக். சின்னதுரை இரண்டையும் ஊதிப் பார்த்தார். மரத்தை வைத்துவிட்டு, "தேன்" என்றார். பிளாஸ்டிக்கை வைத்துவிட்டு, "பக்கெட்" என்றார். அதற்கு மேல் விமர்சனம் கிடையாது.

பள்ளிக்குத் தசரா விடுமுறை வந்தது. பூட்டிய அலமாரியில் கடைக்காரர் பொருளை விட்டுவைக்க மனமில்லாமல் வனஜா இரண்டையும் ரயில்வே காலனியில் இருந்த தன் குவார்ட்டர்ஸுக்கே எடுத்து வந்தாள். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிப் பட்டுத் துணி போர்த்தியபோது மரக் கிளாரினெட்டை அதன்மேல் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டாள். பிளாஸ்டிக் கிளாரினெட்டுக்குத் தரையில், மிக்ஸிக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

அவள் கணவர் ராமநாதனுக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. தன் மீட்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் கொண்டுவந்து வைத்தவர் இதைக் கவனித்துவிட்டார்.

"ஏன் வனஜா, பிளாஸ்டிக்ல சரஸ்வதி வரமாட்டாளா?"

"மிக்ஸிலயே வர்றா. அதுல வரமாட்டாளா? எல்லாம் வருவா, போங்க."

"எட்டு பிளாஸ்டிக் வாங்கணும்னு ஊரெல்லாம் சண்டை போடறவ நீதானே?"

"அது பள்ளிக்கூடத்துக்கு. இது பூஜைக்கு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மூளை பிளாஸ்டிக் பக்கம் இருந்தது. கை தானாக மரத்தைத் தூக்கி மேலே வைத்திருந்தது.

விஜயதசமியன்று புதிதாக எதையாவது தொடங்குவது வழக்கமாயிற்றே. எட்டுப் பெண்களையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். மராத்திப் பெண்கள் தங்கள் தசரா வழக்கப்படி ஆப்டா மரத்து இலையைச் 'சோனா', தங்கம், என்று கையில் கொடுத்துக் காலைத் தொட்டார்கள். சின்னதுரை மாஸ்டரும் வந்து சுண்டலைச் சாப்பிட்டு, ஒவ்வொருத்திக்கும் மரக் கிளாரினெட்டில் முதல் ஸ்வரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, சர்ச்சில் வேலை இருக்கிறது என்று கிளம்பினார். அவர் போன பிறகும் பிள்ளைகள் விடவில்லை. மாற்றி மாற்றி ஊதிக்கொண்டே இருந்தார்கள். தேஜஸ்வினி தடவிப் பார்த்து, "மிஸ், இது புடிக்கவே ராயலா இருக்கு" என்றாள்.

எல்லோரும் போன பிறகு வனஜா அதைத் திரும்பப் பூஜையில் வைக்கப் போனாள். கை நின்றது. எட்டு வாய் பட்டிருக்கிறது, அத்தனையும் எச்சில். அதை எப்படிச் சாமியிடம் வைப்பது? மவுத்பீஸை மட்டும் அலம்பினால் போதாது, ஊதின எச்சில் குழாய்க்குள்ளும்தானே இறங்கியிருக்கும்? கிளாரினெட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றினாள். மேல்பாதியைக் குழாயடியில் பிடித்து, தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வருகிற மாதிரி நன்றாக அலம்பினாள். வெளியே ஈரம் போகத் துடைத்தாள். உள்ளே தானாகக் காயட்டும் என்று குத்துவிளக்குப் பக்கத்தில், சூடு படுகிற இடமாகப் பார்த்து வைத்தாள்.

மறுநாள் காலை எடுத்துப் பார்த்தபோது, மேல்பாதியில் ஒரு துளையிலிருந்து மரத்தின் ரேகை ஓடும் வாக்கில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது. முதலில் நூல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நகத்தால் தள்ளினாள். நகம் கோட்டுக்குள் சிக்கியது.

காரணத்தை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மழைக்காலத்தில் அந்த குவார்ட்டர்ஸின் கதவு நிலைக்குள் அடங்காது. டிசம்பரில் அதே கதவு ஆடும். மரம் தண்ணீரைக் குடித்தால் பெருக்கும், உலர்ந்தால் சுருங்கும். குழாய்க்குள் அவள் ஊற்றிய தண்ணீரைக் குடித்து உட்பக்கம் பெருக்கப் பார்த்திருக்கிறது. விளக்குச் சூட்டில் வெளிப்பக்கம் சுருங்கப் பார்த்திருக்கிறது. உள்ளே இருப்பவன் அகலமாக உட்கார, வெளியே இருப்பவன் இறுக்கிப் பிடிக்க, நடுவில் சட்டை கிழிந்துவிட்டது. பிளாஸ்டிக் தண்ணீரைக் குடிக்காது. அதற்கு ரேகையும் கிடையாது. இதே பாடத்தை ஜூலையில் எட்டாம் வகுப்புக்கு அவள் நடத்தியிருக்கிறாள். கேள்வித்தாளிலும் கேட்டிருக்கிறாள்.

சின்னதுரையிடம் சொல்லும்போது திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள். அவர் மேல்பாதியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வச்சிருந்திய?"

"அலம்பி, விளக்குப் பக்கத்துல."

"அலம்பியா?"

"எச்சில் மாஸ்டர். எட்டுப் பேர் ஊதினது. அதை எப்படி அப்படியே சாமிகிட்ட வைக்கிறது?"

"குளிருல வெடிச்சதப் பாத்திருக்கேன். ராஜஸ்தான் வெயில்ல வெடிச்சதப் பாத்திருக்கேன். குளிச்சு வெடிச்சத இப்பந்தான் டீச்சர் பாக்கேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் சிரிக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையெல்லாம் இத வீட்டுக்குக் கொண்டுபோவாங்கள்லா?"

"பின்னே? வீட்ல பழகாம எப்படி?"

"எல்லா வீட்லயும் எச்சின்னு கழுவுவாங்களா?"

"எங்க பக்கத்துப் பிள்ளைங்க வீட்ல கட்டாயம் கழுவுவாங்க. மத்தவங்க வீட்ல துடைக்காம பெட்டில போட்டு மூடிடுவாங்க. ரெண்டும் ஒண்ணுதான் மாஸ்டர். ஈரம் உள்ளதான இருக்கும்."

"ஜனவரி காலைல மைதானம் ஐஸ் மாதிரி கெடக்கும். உள்ள வாய்ச்சூடு, வெளிய குளிரு." அவர் பெருமூச்சு விட்டார். "புது மரத்த முதல்ல நாளுக்குக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் ஊதிப் பழக்கணும். கைக்கொழந்த கணக்கு. இவளுக ஒருநாளு ஊதுனதே தாங்கல. சரி, தாக்குப்பிடிக்கதுல பிளாஸ்டிக் ஜெயிச்சிட்டு. சத்தத்துக்கு என்ன சொல்லுதிய?"

அதற்குள் விஷயம் ஜோக்லேகர் மேடம் காதுக்குப் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. அவரும் கண்டே நவமிக்கு, அவர்கள் ஊர் ஆயுத பூஜைக்கு, தன் ஸ்கூட்டருக்குக் குங்குமம் வைத்தவர்தான். ஆனால் முடிவைச் சொல்லிவிட்டார்: "வாங்குவதற்கு முன்பே ஒன்று உடைந்தாயிற்று. மாஸ்டர் ஒன்று சொல்கிறார், நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். போதும், பியூகிள் வாங்கிவிடலாம்."

"ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் மேடம்" என்றாள் வனஜா. "கண்ணால் பார்க்காமல், காதால் மட்டும்."

அந்த யோசனை அவளுக்கு விரிசலைக் காட்டப் போன அன்று சின்னதுரையின் பெட்டியைப் பார்த்தபோதே வந்திருந்தது. அவருடைய கிளாரினெட் மரம்தான். ஆனால் அதன் மவுத்பீஸ்?

"இது என்ன மாஸ்டர், மரமா?"

"இது எபனைட்டு. ரப்பர்ல கந்தகம் போட்டு இறுக வச்சது. எல்லாத்துக்கும் இதான்."

"அப்போ சத்தம் பொறக்கற எடமே ரப்பர்தானே."

அவர் மவுத்பீஸைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார். வனஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது. கிளாரினெட்டில் பாடுவது குழாய் இல்லை, குழாய்க்குள் இருக்கிற காற்று. வீணையில், மிருதங்கத்தில் மரமே சேர்ந்து அதிர்கிறது, அங்கே மரம் முக்கியம். இங்கே சுவரின் வேலை காற்றை ஒழுங்காக அடைத்து வைப்பது. உள்விட்டம் எவ்வளவு, துளை எங்கே, அதன் ஓரம் எப்படிச் செதுக்கியிருக்கிறது, நாணல் எவ்வளவு தடிப்பு, மவுத்பீஸ் எப்படி, இவைதான் சத்தத்தைத் தீர்மானிக்கின்றன. பிளாஸ்டிக்கோடு பெட்டியில் இலவசமாக வந்த மவுத்பீஸை வைத்துத்தானே நீங்கள் பக்கெட் என்றீர்கள்?

"பாடம் முடிஞ்சிட்டா?" என்றார் சின்னதுரை. "அப்ப மரத்துல ஒண்ணுமே இல்லங்கியளா?"

"அப்படிச் சொல்லலை. நல்லா செய்யணும்னு நெனக்கறவன் மரத்தைத்தான் எடுக்கறான், அதுக்குத்தான் மெனக்கெடறான். அந்த மெனக்கெடறதுதான் கேக்குதோன்னு எனக்குச் சந்தேகம்."

சனிக்கிழமை இசை அறையில் கரும்பலகையைக் குறுக்கே நிறுத்தினார்கள். பின்னால் சின்னதுரை, அவர் கையில் தன் மரக் கிளாரினெட்டும் கடைக்காரரின் பிளாஸ்டிக்கும். இரண்டுக்கும் அவருடைய ஒரே மவுத்பீஸ், ஒரே நாணல். முன்னால் ஜோக்லேகர் மேடமும் எட்டுப் பெண்களும். அணிவகுப்பு மெட்டு ஒன்றை ஒரு தடவை வாசித்தார். கொஞ்சம் அமைதி, மவுத்பீஸைக் கழற்றி மாட்டும் சத்தம். மறுபடி அதே மெட்டு.

"முதலாவதுதான் மரம்" என்றார் ஜோக்லேகர் மேடம் உறுதியாக. "என்ன கனிவு."

பலகைக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் எட்டிப் பார்த்தார். கையில் இருந்தது மரம். முதலாவது பிளாஸ்டிக்.

இன்னொரு முறை, இன்னொரு முறை என்று மேடமே கேட்டு வாங்கினார். ஒருமுறை சரியாகச் சொன்னார், ஒருமுறை தவறினார். பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். தேஜஸ்வினி மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

"நீ என்ன சொல்ற?"

"மிஸ், எது வாசிச்சாலும் மாஸ்டர் மாதிரியே இருக்கு."

சின்னதுரை பலகையைச் சுற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றி வேர்த்திருந்தது. "கைக்குத் தெரியுது டீச்சர். மரத்துல விசை வெண்ணெய் மாதிரி எறங்குது, இதுல கொஞ்சம் மல்லுக்கட்டணும். ரொம்ப மெதுவா வாசிச்சா ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்யிது. அது ஹால்ல. டிரம்முக்கு நடுவுல, மைதானத்துல..." கையை விரித்தார். "காதுக்குத் தெரியல."

இதைச் சொல்ல அவருக்குச் சுலபமாக இல்லை என்பது வனஜாவுக்குத் தெரிந்தது. அதனால் ஜெயித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாமல், "அப்போ என்ன வாங்கலாம், நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"எட்டு பிளாஸ்டிக்கு. ஆனா கூட வர்ற மவுத்பீஸ் வேண்டாம். அதைக் கடக்காரனையே வச்சிக்கிடச் சொல்லுங்க. நல்லதா எட்டு நான் பொறுக்கித் தாரேன். பெட்டி வேண்டாம், துணிப்பை போதும். அந்தக் காசுல சரியாப் போகும்."

ஜோக்லேகர் மேடம் அரை மனதாகத் தலையசைத்தார். "ஜனவரியில் பார்ப்போம்" என்றார். பியூகிள் பேச்சை அவர் விட்டுவிடவில்லை, தள்ளிவைத்தார்.

விரிசல் விட்டதை வனஜாவே தன் சம்பளத்தில் வாங்கிக்கொண்டாள். சின்னதுரை கருமரத் தூளையும் பசையையும் குழைத்துக் கோட்டை அடைத்துக் கொடுத்தார். அதில் அவளும் தினம் கொஞ்ச நேரம் ஊத ஆரம்பித்தாள். முதல் வாரம் ராமநாதன், "டெக்கான் குயின் ரயில் போகுதோன்னு பார்த்தேன்" என்றார்.

ஜனவரி இருபத்தாறு காலை மைதானத்துப் புல் நனைந்து கிடந்தது. பெண்கள் சால்வையைக் கழற்ற மனமில்லாமல் நின்றார்கள். சுதி பார்க்க ஒருத்தி ஊதினாள். ஸ்வரம் தொய்ந்து விழுந்தது. அடுத்தவளுக்கும் அப்படியே.

"மிஸ், கெட்டுப்போச்சு" என்று தேஜஸ்வினி பதறினாள். மேடையில் ஜோக்லேகர் மேடம் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் கெடலை" என்றாள் வனஜா. "குளிர்ந்த காத்துல ஒலி மெதுவாப் போகும். குழாய்க்குள்ள இருக்கற காத்து குளிர்ந்திருக்கு, அதனால சுதி எறங்குது. மரமா இருந்தாலும் இதேதான். எல்லாத் துளையையும் மூடிக்கோங்க. சத்தம் வராம உள்ளே மூச்சு விடுங்க, வெந்நீர்ல முகம் காட்டற மாதிரி. அவசரமில்லை."

எட்டுப் பேரும் வரிசையாக நின்று சத்தமில்லாமல் மூச்சு விட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குப் பிரார்த்தனை போலத் தெரிந்திருக்கும். சின்னதுரை விரலைத் தூக்கினார். இந்த முறை ஸ்வரம் நேராக வந்து நின்றது.

டிரம்கள் முன்னே போக, கிளாரினெட்டுகள் கிளம்பின. வனஜா ஓரமாகக் கூடவே நடந்தாள். ராணுவ வீட்டுக்காரர்களும் ரயில்வே காலனிக்காரர்களும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். மேடைக்கு எதிரே டிரம் நின்று கிளாரினெட் மட்டும் வாசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாஸ்டர் பயந்ததெல்லாம் அந்த இடத்துக்குத்தான். டிரம் நின்றது. எட்டுக் குரல் ஒன்றாக எழுந்தது. நடுவில் யாருடைய நாணலோ கீச்சென்றது. ஏழு பேர் நிற்கவில்லை, கீச்சிட்டவளும் நிற்கவில்லை. அடுத்த அடியில் சேர்ந்துகொண்டாள். வரிசை மேடையைத் தாண்டித் திரும்பியது. ஓரத்தில் இருந்தவள் அடியை நீட்டி வைத்தாள், உள்ளே இருந்தவள் சுருக்கி வைத்தாள், கோடு கலையவில்லை.

சிறப்பு விருந்தினராக வந்திருந்த கர்னலின் மனைவி குனிந்து ஏதோ கேட்டார். ஜோக்லேகர் மேடம் பெருமையாகத் தலையை நிமிர்த்தியது வனஜா நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

கொடியேற்றம் முடிந்து லட்டு கொடுக்கும்போது மேடம் அவளிடம் வந்தார். "ஏழாம் வகுப்பில் நாலு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், கிளாரினெட்டுக்கு. இன்னும் இரண்டு பிளாஸ்டிக் வாங்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். பியூகிள் அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"நாலு பேருக்கு ரெண்டா மேடம்?" என்றாள் வனஜா.

"சரி, நாலு" என்றார் மேடம்.

சின்னதுரை லட்டை வாயில் போட்டுக்கொண்டே, "டீச்சர், அந்தப் புதுப் பிள்ளையளத் திங்கட்கிழம வரச் சொல்லிருங்க. விரல் நீளம் பாக்கணும்" என்று லூனாவை உதைத்தார்.